சியாங் கரையில் தன்னார்வலராக இருக்கும் மகளைப் பார்க்கப் போகலாமா?

கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு மகள் அருணாசலப் பிரதேசத்தின் மேல் சியாங் மாவட்டத்தில், ஆதி பழங்குடியினர் வாழும் ஒரு காட்டுக் கிராமத்துப் பள்ளிக்கு ஓராண்டுத் தன்னார்வலராகப் போயிருக்கிறாள். எப்போதாவதுதான் பேச முடிகிறது. அங்கே என்ன சாப்பிடுகிறாள், பொழுதை எப்படிக் கழிக்கிறாள், நாங்கள் போய்ப் பார்த்தால் அவளுக்கும் ஊருக்கும் தொந்தரவாகிவிடுமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். அதே சியாங் ஆற்றங்கரையில் அதே வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

போங்கள் அம்மா, தயங்கவே வேண்டாம். உங்கள் வருகை தொந்தரவு இல்லை. அந்த ஊரில் உங்கள் மகளுக்கு இருக்கும் இடமே அதனால் மாறும். ஆதி மக்கள் ஒருவரை அறிவது அவர் யாருடைய பிள்ளை என்பதைக் கொண்டுதான். ஆபோ தானி என்ற மூதாதையின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் இந்த மலை மக்களிடையே, தந்தை பெயரின் கடைசி அசையை மகன் பெயரின் முதல் அசையாக வைக்கும் பழைய வழக்கம் உண்டு. அந்தத் தொடரைப் பிடித்துக்கொண்டு பல தலைமுறைப் பெயர்களை முதியவர்கள் மளமளவென்று சொல்வதை அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில், தெற்கே எங்கிருந்தோ தனியாக வந்து இறங்கிய பெண் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் பாதி தெரிந்தவள்தான். பெற்றவர்கள் வந்து அவள் தங்கியிருக்கும் வீட்டில் நாலு நாள் உண்டு உறங்கிவிட்டால் மீதிப் பாதியும் தெரிந்துவிடும். என் பெற்றோர் வந்து போன பிறகு ஊரார் என்னிடம் பேசும் விதமே மாறியது. அதுவரை பள்ளிக்கூட விஷயம் மட்டும் பேசியவர்கள், அதற்குப் பிறகு என் அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசினார்கள்.

அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். அங்கே கடிகாரம் நம் கடிகாரம்தான், சூரியன் வேறு. இந்தியாவின் கிழக்குக் கோடி என்பதால் ஜூன் மாதத்தில் நாலரை மணிக்கு முன்பே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஆகவே, மகள் இரவு எட்டு மணிக்கே தூங்கிவிடுகிறாள் என்றால் உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட வேண்டாம். ஊரே அப்போது தூங்கிவிடும். விடியற்காலையில் கோழிகளும் பன்றிகளும் எழுப்பிவிடும். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர்தான் குளிக்கவும் சமைக்கவும். ஒரு பெருமழை பெய்தால் ஊற்று முகத்தில் இலையும் சேறும் அடைத்துக்கொள்ளும். யாராவது மேலே ஏறிப் போய்த் தோண்டிவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் முன்னே ஓட, அவளும் பின்னால் ஏறியிருப்பாள். அந்த வேலையில் கலந்துகொள்கிறவரை ஊர் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும்.

பள்ளி வேலை வகுப்பறையோடு முடிவதில்லை. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பெரிய பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கைகளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வரும் பெண் குழந்தைகளும் உண்டு. பாடம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். பற்பல மொழிகள் பேசும் அருணாசலத்தில் பொதுப் பேச்சுக்கு இந்திதான் வழக்கம் என்பதால், நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் அது பெரிய சுவராகவே தெரியும். ஆனால் அங்கே பேசப்படும் இந்தியில் ஆண்பால் பெண்பால் இலக்கணத்தை யாரும் கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. பிழையோடு பேசத் துணிந்தவர் விரைவில் பேசக் கற்றுக்கொள்கிறார். பெரியவர்களை அழைக்க ஆதி மொழியில் இரண்டு சொற்களை நீங்களும் தெரிந்துகொண்டு போங்கள்: அம்மா வயதுடையவர் ஆனே, அப்பா வயதுடையவர் ஆபு.

மாலை முழுவதும் அடுப்பங்கரைதான். ஆதி வீடு மரக்கால்களின் மேல் நிற்கும் மூங்கில் வீடு. கூரைக்கு டோகோ என்ற பனை வகையின் விசிறி இலைகளை அடுக்கி வேய்வார்கள். ஒரு வீடு கட்ட ஊரே கூடும். பொருட்களை முன்கூட்டியே சேர்த்துவைத்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் வீடு எழுந்துவிடும். இப்போது தகரக் கூரை பெருகிவிட்டது. மழைக்கு அது வசதிதான், ஆனால் இலைக் கூரையின் குளிர்ச்சி அதில் இல்லை. வீட்டின் நடுவே மண் பரப்பிய சதுரமான அடுப்பு. அதற்கு மேலே அடுக்கடுக்காகத் தொங்கும் மூங்கில் பரண். கீழ் அடுக்கில் இறைச்சி புகையில் காயும், அதற்கு மேல் தானியமோ மிளகாயோ இருக்கும், உச்சியில் விறகு காயும். எல்லாவற்றின் மேலும் ஆண்டுக்கணக்கான கரி கறுப்பு மெருகாகப் படிந்திருக்கும். அந்தப் புகை கண்ணை எரிக்கும், துணியில் ஏறும், தலைமுடியில் தங்கும். மகள் ஊருக்கு வரும்போது அவள் பையைத் திறந்தால் அந்த மணம்தான் முதலில் வரும். கூரை இலையையும் மூங்கிலையும் பூச்சியிடமிருந்து காப்பதும் அந்தப் புகைதான்.

சாப்பாட்டைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகக் கவலை இருக்கும். பசிக்கு அங்கே குறைவில்லை. சோறு, வேகவைத்த கீரை, இஞ்சி, மூங்கில் குருத்து, கடும் காரமான மிளகாய், ஆற்று மீன், புகையில் காய்ந்த பன்றி அல்லது காட்டு விலங்கின் இறைச்சி, விழா நாட்களில் மிதுன் இறைச்சி. எண்ணெயும் மசாலாவும் கொஞ்சமே. மிதுன் என்பது காட்டில் தானாக மேய்ந்து திரியும் பெரிய மாட்டினம்; அருணாசலத்தின் மாநில விலங்கு. உரிமையாளர் உப்பைக் காட்டி அழைத்தால் மரங்களுக்கிடையிலிருந்து இறங்கி வரும். அதில் பால் கறப்பதில்லை, ஏர் பூட்டுவதில்லை. திருமணத்துக்கும் விருந்துக்கும் வழக்கில் அபராதத்துக்கும் அதுதான் அளவுகோல். அரிசியை நொதிக்கவைத்து எடுக்கும் ஆபோங் என்ற பானம் எல்லா வீட்டிலும் உண்டு. கருக்கிய உமியைச் சேர்த்துச் செய்யும் கறுப்பு ஆபோங்குக்குத் தனி மதிப்பு. விருந்தினருக்கு அதைக் கொடுப்பது அவர்களுக்கு மரியாதை. குடிப்பதில்லை என்றால் முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள், தேநீர் வந்துவிடும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். முகத்தைச் சுளித்துக் கோப்பையைத் தள்ளினால்தான் மனம் புண்படும்.

தனிமையை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் கடினம். குறிப்பாகக் குளிர்காலத்து மாலைகள்: இருட்டு சீக்கிரம் வந்துவிடும், மின்சாரம் நின்றுவிடும், பேச மொழி போதாது. அந்த நாட்களில் தொலைபேசியில் அவள் அழுதால் "கிளம்பி வந்துவிடு" என்று உடனே சொல்லாதீர்கள். இருக்கவா போகவா என்பதை அவளே எடைபோடட்டும். தொலைபேசிச் சமிக்ஞை பல கிராமங்களில் வீட்டுக்குள் கிடைக்காது. ஏதோ ஒரு மேட்டிலோ பாதை வளைவிலோ போய் நின்றால்தான் கிடைக்கும். மழைக்காலத்தில் நாட்கணக்கில் கோபுரமே வேலை செய்யாது. மலையடிவாரத்துப் பாசிகாட் நகரில் சராசரியாக ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையின் மழையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நிலச்சரிவில் சாலை போனால் கம்பிவடமும் சேர்ந்து போகும். ஆகவே, அவளை அனுப்பிய அமைப்பில் பாசிகாட்டிலோ, மேல் சியாங் மாவட்டத் தலைநகரான யிங்கியோங்கிலோ இருக்கும் ஒருவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வராத வாரத்தில் அவரிடம் கேட்டால் சாலை நிலவரமாவது தெரியும்.

போக நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை ஓய்ந்திருக்கும், ஆறு தெளிந்து பச்சையாக ஓடும், தோட்டங்களில் ஆரஞ்சு பழுத்திருக்கும், அட்டைத் தொல்லையும் குறைவு. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் சோலுங் விழா ஆதி மக்களின் பெருவிழா என்றாலும், அது மழைக்காலம். சாலையை நம்ப முடியாது. மார்ச் முதல் வாரத்தில் வரும் ஆரான் விழா அதைவிடத் தோதானது.

நீங்கள் இந்தியக் குடிமக்களாக இருந்தாலும் அருணாசலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். ஆங்கிலேயர் 1873-இல் கொண்டுவந்த வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழி வந்த விதி இது. பழங்குடியினரின் நிலத்துக்கு இன்றும் அது ஒரு காப்பு. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்தெந்த மாவட்டங்களுக்குப் போகிறீர்கள் என்பதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். கிழக்கு சியாங், சியாங், மேல் சியாங் மூன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. திரும்பும் நாளுக்குப் பிறகும் சில நாட்கள் செல்லும்படி வாங்குங்கள், ஏனென்றால் சாலை அடைபட்டால் நீங்கள் அங்கேயே தங்க நேரும். இரண்டு மூன்று நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் போக விரும்பினால் கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகர் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம், காட்பாடி வழியாகப் போகிறது. 4,100 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாள் பயணம். நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில். உடல் தாங்காது என்றால் திப்ருகர் வரை விமானம். அங்கிருந்து பிரம்மபுத்திராவைக் கடக்க முன்பெல்லாம் படகுக்குக் காத்திருக்க வேண்டும். 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள போகிபீல் பாலம் அந்தத் துன்பத்தைத் தீர்த்துவிட்டது. ருக்சின் சோதனைச் சாவடியில் பெர்மிட்டைக் காட்டிவிட்டுப் பாசிகாட்டில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் விடியற்காலையில் பலர் பங்கிட்டுப் போகும் சுமோ வண்டி புறப்படும். முன் இருக்கையை முந்தைய நாளே சொல்லி வைத்தால் வயிற்றுப் புரட்டல் குறையும். யிங்கியோங் வரை போக ஒரு பகல் ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கிராமத்துக்கு எப்படி என்பதை மகள்தான் சொல்ல முடியும். சில ஊர்களுக்கு வண்டி போகும், சில ஊர்களுக்குச் சியாங்கின் குறுக்கே தொங்கும் கம்பிப் பாலத்தில் நடந்துதான் போக வேண்டும். பலகைகளுக்கு இடையே கீழே ஆறு தெரியும், பாலம் அசையும். தலைசுற்றல் உள்ளவர்கள் அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் ஏறுவதற்கும் சில வீடுகளில் ஒரே மரத்தில் வெட்டிய படிதான் இருக்கும். கழிப்பறையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். பழைய ஆதி வீடுகளில் பின்புறத்துக் கழிப்பிடத்துக்குக் கீழே பன்றிப்பட்டி இருக்கும். கழிவைப் பன்றிகள் தின்றுவிடும். இப்போது பல வீடுகளில் தனிக் கழிப்பறை கட்டிவிட்டார்கள். எது இருக்கிறது என்று மகளிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். முழங்கால் மடங்காதவர்கள், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் கிராமம் வரை போயே தீர வேண்டும் என்றில்லை. யிங்கியோங்கில் தங்கிக்கொண்டு மகளையும் அவள் தங்கியிருக்கும் வீட்டு ஆனேயையும் அங்கே வரவழைத்துப் பார்க்கலாம். அந்த ஆனேயைப் பார்க்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

என் அம்மா சைவம். புகையிறைச்சி தொங்கும் அந்த அடுப்பில் எப்படிச் சாப்பிடுவார் என்று நான் கலங்கியிருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டு ஆனே எதுவும் கேட்கவில்லை. மகனைக் காட்டுக்கு அனுப்பிப் பச்சை மூங்கிலைக் கணுக் கணுவாக வெட்டிக் கொண்டுவரச் சொன்னார். கழுவிய அரிசியை இலையில் பொதிந்து மூங்கிலுக்குள் திணித்து, தண்ணீர் விட்டு, வாயை இலையால் அடைத்து, வீட்டுக்கு வெளியே தனியாக மூட்டிய நெருப்பில் சாய்த்து வைத்தார். மூங்கில் கருகக் கருகத் திருப்பிக்கொண்டே இருந்தார். இன்னொரு கணுவில் கடுகுக்கீரையும் இஞ்சியும் உப்பும். வெந்ததும் தாவோ என்ற வெட்டுக்கத்தியால் மூங்கிலைப் பிளந்தபோது சோறு நீண்ட உருளையாக, மூங்கில் மணத்தோடு வந்தது. இறைச்சி பட்ட பாத்திரம் எதுவும் அதைத் தொடவில்லை என்பதை என் அம்மா சொல்லாமலே புரிந்துகொண்டார். ஆனேயின் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஒருவர் தமிழிலும் ஒருவர் ஆதியிலும் விடிய விடியப் பேசினார்கள்; நான் மொழிபெயர்க்க முயன்றபோது இருவருமே என்னைப் பேசவிடவில்லை.

அம்மா கொண்டுவந்த முறுக்கையும் கடலை மிட்டாயையும் ஆனே அப்போதே இலைப் பொட்டலங்களாகப் பிரித்துவிட்டார்: இந்தப் பொட்டலம் இந்த வீட்டுக்கு, இது விதவை மூதாட்டிக்கு, இது ஊர்ப் பெரியவரான காவ் புராவுக்கு என்று. வேட்டையில் கிடைப்பதையும் அப்படித்தான் பங்கிடுவார்கள். எனவே அளவு பார்க்காமல், பிரிக்கக்கூடிய பண்டமாகக் கொண்டுபோங்கள். எவர்சில்வர் பாத்திரம், நல்ல பருத்திப் போர்வை, தேயிலை ஆகியவையும் பயன்படும். குழந்தைகளுக்குத் தெருவில் நின்று மிட்டாயோ காசோ கொடுக்காதீர்கள். நீங்கள் போன பிறகு அந்தப் பழக்கத்தின் சுமை உங்கள் மகள்மேல் விழும்.

அரசு கொடுத்த சிவப்புக் கோட்டு காவ் புராவின் அடையாளம். வந்த முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்லிவிடுங்கள். ஊர்ச் சச்சரவுகளைக் கேபாங் என்ற ஊர்ச்சபை கூடிப் பேசித் தீர்க்கும். 1945-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம் அந்தச் சபைகளின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது. உங்கள் மகளின் பாதுகாப்புக்கும் அந்தச் சபையே முதல் அரண். ஊரில் விலக்கு நாட்கள் வரும். அன்று வயலுக்குப் போகக் கூடாது, வெளியார் வரக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் இருக்கலாம். சூரியனையும் சந்திரனையும் போற்றும் டோன்யி போலோ நெறியைப் பின்பற்றுகிறவர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே ஊரில், சமயங்களில் ஒரே வீட்டில் இருப்பார்கள்; எது சரி என்ற பேச்சை விருந்தினர் எடுக்க வேண்டாம். அணையைப் பற்றியும் அப்படியே. சியாங்கின் குறுக்கே 11,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மின்திட்டம் ஒன்று பேசப்படுகிறது. நிலம் மூழ்கிவிடும் என்று ஆற்றங்கரை ஊர்கள் எதிர்த்துப் போராடிவருகின்றன. அதைப் பற்றி அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்; நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்டுவிடாதீர்கள். அது அவர்கள் பாட்டன் பூட்டன் நிலம்.

உங்கள் கணவருக்கு விவசாயம் தெரியுமானால் மலைச்சரிவு வயலுக்கு அவரை அழைத்துப் போகச் சொல்லுங்கள். என் அப்பா அங்கேதான் மலர்ந்தார். ஏர் இல்லை. கூர்முனைக் குச்சியால் குழி போட்டு, நெல்லையும் சோளத்தையும் தினையையும் மிளகாயையும் ஒரே சரிவில் கலந்து விதைக்கிறார்கள். அறுவடை முடிந்து நின்ற தட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, எது எப்போது முளைக்கும், எது எதற்கு நிழல் என்று சைகையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். திரும்பும்போது விறகுக் கட்டு ஒன்றைத் தூக்கி வந்தார்; அது ஊர் முழுவதும் பேச்சானது.

ஐந்தாறு நாளாவது கிராமத்தில் இருங்கள். முதல் இரண்டு நாள் நீங்கள் விருந்தாளி, ஊர் உங்களைச் சுற்றியே இருக்கும். மூன்றாம் நாளிலிருந்துதான் அவரவர் வேலைக்குப் போவார்கள், மகள் பள்ளிக்குப் போவாள், அவளுடைய உண்மையான வாழ்க்கை உங்கள் கண்ணில் படும். அப்போது அவள் அறையை ஒழுங்குபடுத்த இறங்காதீர்கள். இளைத்துவிட்டாள், கறுத்துவிட்டாள் என்று ஆனேயின் முன்னால் சொல்லாதீர்கள். மொழி புரியாவிட்டாலும் முகம் புரியும், தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று அந்தத் தாய் வருந்துவார்.

உடல்நலத்துக்கு: முழுக்கை முழுக்கால் உடை, கொசுவலை, கொசு மருந்து, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் இரு மடங்கு. டிம்டாம் என்று அங்கே சொல்லும் சிறு ஈ கடித்த இடத்தில் ரத்தப் பொட்டு வைத்துப் பல நாள் அரிக்கும், சொறியாதீர்கள், புண்ணாகும். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அருணாசலக் காட்டில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லி, மலேரியாவுக்கும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உடம்பின் மறைவான மடிப்பில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிகர் என்ற மிகச் சிறிய உண்ணிவகைப் பூச்சி கடித்த அந்தத் தடம் ஸ்க்ரப் டைபஸுக்கு முக்கியமான அடையாளம். நேரத்தோடு கண்டுபிடித்தால் எளிதில் குணமாகும்.

புறப்படும்போது உங்கள் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் ஆனேயின் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வடகிழக்கிலிருந்து வேலூருக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஏராளம். விவேக் எக்ஸ்பிரஸில் ஏறிக் காட்பாடியில் இறங்குவார்கள். அங்கே தங்க அறை தேட வேண்டும், மருத்துவர் சொல்வது புரிய வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். உங்கள் மகளின் ஓராண்டு முடிந்து பல காலம் ஆன பிறகும் அந்த ஊரிலிருந்து யாராவது உங்களை அழைக்கக்கூடும். அழைத்தால் அன்றே கிளம்பிப் போய்ப் பாருங்கள்.